பெரிய பாட்டின் மூன்று முடிவுகள்

எங்கள் பேண்டு உட்கார்ந்து வாசிக்கும். யாரிடம் பேசினாலும் எங்கள் ஆட்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள். கல்யாண ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிப்பவர்களை அவர்கள் மனுஷனாகவே மதிப்பதில்லை. "நாங்க கச்சேரி பேண்டுப்பா, சேர் போட்டாத்தான் வாசிப்போம்" என்று எங்கள் செயலாளர் மார்தட்டிக்கொள்வார். உண்மை வேறு. எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வருகிறவனால் மறுபடியும் நின்றுகொண்டு வாசிக்க முடியாது. முட்டி வலிக்கு இவர்கள் வைத்த கௌரவமான பெயர்தான் கச்சேரி.

நான் இந்தப் பேண்டில் முப்பது வருஷமாகக் கிளாரினெட் வாசிக்கிறேன். பேண்டு அதற்கும் பல வருஷம் மூத்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பாலைகள் புகை விட ஆரம்பித்து, அதுவரை அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் கம்பி இழுக்கப் போன காலத்தில் ஆரம்பித்தது. மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறவர்களும் சேர்ந்தே ஆரம்பித்தார்கள், இன்றைக்கும் சேர்ந்தே இருக்கிறார்கள். "இத்தினி வருசமா ஒரு பேண்டு ஒடையாம ஓடிக்கினு கீதுன்னா சும்மாவா?" என்று கேட்பார்கள். உடையவில்லை என்பது வாஸ்தவம்தான். ஒட்டியிருந்தால் அல்லவா உடைவதற்கு?

எல்லாவற்றுக்கும் காரணம் ஷிஃப்ட். எங்கள் ஆலையில் ஏ, பி, சி என்று மூன்று குரூப். வாரத்துக்கு ஒருமுறை ஷிஃப்ட் மாறும், குரூப்பில் இருக்கிற ஆட்கள் மாறமாட்டார்கள். ஏ குரூப் காலையில் போனாலும் ஏ குரூப்தான், ராத்திரி போனாலும் ஏ குரூப்தான். பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து வந்து சேர்ந்தவர்களும், இப்போது தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையிலிருந்து வருகிறவர்களும், தங்கள் நேரத்துக்கு எது தோதோ அந்த குரூப்பில் ஒட்டிக்கொண்டார்கள். அதனால் ஒத்திகையும் குரூப் குரூப்பாகத்தான். மாதா கோயிலுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட் ஒன்று இருக்கிறது. ஏ வேலைக்குப் போயிருக்கும்போது பி அங்கே வாசிக்கும். பி போனால் சி வரும். நான் பி. என் மனைவியின் தம்பி ஏ, டிரம்பெட் வாசிக்கிறவன். எங்கள் இரண்டு வீடும் ஒரே தெருவில்தான் இருக்கின்றன. ஆனாலும் நாங்கள் சேர்ந்து ஒத்திகை பார்த்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

திருவிழாவோ சாவோ, அன்றைக்கு எந்த குரூப்புக்கு ஓய்வோ அது போய் வாசித்துவிட்டு வரும். மூன்று குரூப்பும் ஒரே மேடையில் உட்காருவது வருஷத்தில் ஒரே நாள், மே தினத்தன்று. ஆயுத பூஜைக்கும் மெஷின் நிற்கும், ஆனால் அன்றைக்கு அவனவன் தன் கம்பெனியில் பொரிப் பொட்டலத்துக்கு வரிசையில் நிற்கப் போய்விடுவான்.

மே தினத்தன்று கடைசியாக வாசிப்பது பெரிய பாட்டு. அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் பேண்டை ஆரம்பித்து வைத்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பள்ளிப்பட்டுக்காரர், எங்கள் ஆலையில் ஃபிட்டர். பட்டாளத்து பேண்டில் இருந்த ஒருவரிடம் டிரம்பெட் கற்றதாகச் சொல்லிக்கொள்வார். இசைக் குறிப்பு படிக்க அவருக்கும் தெரியாது, மற்றவர்களுக்கும் தெரியாது. அவர் வாயால் பாடிக் காட்டுவார், இவர்கள் கேட்டு வாசிப்பார்கள். அவரே சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டார். பெயர் வைக்கத் தோன்றவில்லை. நீளமாக இருந்ததால் பெரிய பாட்டு என்று ஆகிவிட்டது.

அதை முதலில் ஏ குரூப்புக்குச் சொல்லிக்கொடுத்தார். அதில் பாட்டு பட்டென்று முடிந்துவிடும். கொஞ்ச நாள் கழித்து, முடிவு மொட்டையாக இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பி குரூப்புக்குச் சொல்லிக்கொடுக்கும்போது கடைசியில் இரண்டு வரி சேர்த்துவிட்டார். சேர்த்ததை ஏ குரூப்பிடம் சொல்ல மறந்துவிட்டார். சி குரூப்பின் முறை வருவதற்குள் வேலையையே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். சி குரூப் என்ன செய்தது? யாரோ பதிவு செய்து வைத்திருந்த கேசட்டைப் போட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது. அந்தக் கேசட்டில் ஒரு பக்கம், பாட்டு முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் தீர்ந்துவிட்டது. பதிவு செய்தவன் திருப்பிப் போட்டு மறுபடியும் முதலிலிருந்து பிடித்திருக்கிறான். ஆகவே சி குரூப்பைப் பொறுத்தவரை, பெரிய பாட்டு முடிய வேண்டிய இடத்தில் மறுபடியும் ஆரம்பிக்கும். அவர்களில் ஒருவனுக்காவது சந்தேகம் வர வேண்டாமா? வரவில்லை. பத்துப் பதினைந்து பேர் ஒரு கேசட்டை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, மூச்சு முட்ட முட்ட அதே பாட்டை இரண்டாம் தடவை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்குப் பிறகும் இவர்களை நம்பி எப்படி ஃபர்னஸைக் கொடுத்தார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

ஆக, மே தினத்தன்று நடப்பது இதுதான். மூன்று குரூப்பும் பாட்டின் கடைசி வரைக்கும் ஒழுங்காக வரும். ஏ குரூப் நிறுத்திவிட்டு எழுந்து கும்பிடும். பி குரூப் இரண்டு வரியை இழுக்கும். சி குரூப் முதலிலிருந்து தொடங்கும். எழுந்து நின்றவர்கள் திருதிருவென்று முழித்துவிட்டு, நாம் மட்டும் சும்மா இருப்பதா என்று மறுபடியும் உட்கார்ந்து கிடைத்ததை ஊதுவார்கள். எங்கள் பி ஆட்கள் விட்டுக்கொடுப்பார்களா, இரண்டு வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். ஒவ்வொருத்தனாக மூச்சு வாங்கி ஓய்ந்து, கடைசியில் செயலாளரின் பேஸ் டிரம் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருக்கும்.

ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பிறந்ததிலிருந்து அதைத்தான் கேட்கிறார்கள். "கடைசில ஒரு கலாட்டா வரும் பாரு, அதான் சூப்பரு" என்று விருந்தாளிகளிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். வேப்பம்பட்டில் தவணையில் ஃபிளாட் வாங்கிப் போன என் சொந்தக்காரன் ஒருவன், தினமும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்வருகிறவன், அதை ஃபோனில் படம் பிடித்து ஆபீசில் காட்டியிருக்கிறான். அங்கே யாரோ அதை ஃப்யூஷன் என்று சொன்னார்களாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எங்கள் செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒவ்வொரு மே இரண்டாம் தேதியும் எனக்கும் மச்சானுக்கும் சண்டை. எந்த முடிவு சரி என்று. நான் அவனைச் செவிடன் என்பேன். அவன் வேலை நாளெல்லாம் சத்தம் காதைப் பிளக்கிற பிரஸ் ஷாப்பில், அதனால் அது பாதி உண்மையும்கூட. "மொதல்ல கத்துக் குட்த்தது எங்களுக்கு மாமா. நீங்கள்லாம் பின்னாடி வந்த சரக்கு" என்பான் அவன். இப்படியே பல வருஷம் போனது. சரி, மெட்டுப் போட்டவரையே கேட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பைக்கில் பள்ளிப்பட்டுக்குப் போனோம். பெரியவர் கரும்புத் தோட்டத்தில் இருந்தார். எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தப் பாட்டு நைனா?" என்றார்.

பெரிய பாட்டு என்றேன். அவருக்கு நினைவில்லை. ஃபோனில் மூன்று குரூப்பும் தனித்தனியாக வாசித்ததைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் கேட்டார். "இதெல்லாம் நானா போட்டேன்? பரவால்லியே!" என்று ஆச்சரியப்பட்டார். இதில் எது சரி என்று கேட்டேன். "மூணுமே நல்லாத்தான் கீது. இதுக்கா இம்மாந்தூரம் வண்டியில வந்தீங்கோ?" என்று கேட்டார். திரும்பி வரும்போது வழியெல்லாம் மச்சான் சிரித்துக்கொண்டே வந்தான். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. போகிற போக்கில் மூன்று விதமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதை மறந்தும் போய்விட்டு, ஒருவர் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்றால் இந்த உலகத்தில் என்ன நியாயம் இருக்கிறது?

இந்த வருஷம் ஜூன் மாதத்தோடு எனக்கு வேலை முடிகிறது. ஐம்பத்தெட்டு வயது. எங்கள் பேண்டில் ஒரு வழக்கம் உண்டு, குரூப் இல்லாதவனுக்கு மேடையில் இடமில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஒரு சால்வை போர்த்தி, ஜனங்களோடு முதல் வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவன் வாத்தியத்தைத் தொடக்கூடாது. யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவனுக்கும் தெரியாது. ஆலைக்காரன் வெளியே அனுப்பினால் நாங்களும் வெளியே அனுப்புவோம், அவ்வளவுதான் இவர்கள் மூளை. போன வருஷம் வரை மற்றவர்களுக்குச் சால்வை போர்த்தும்போது நானும் கை தட்டினவன்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக, இந்த மே தினம் எனக்குக் கடைசி. எனக்கு இருந்தது ஒரே ஆசை. பெரிய பாட்டு ஒரே ஒரு தடவையாவது எல்லாருக்கும் ஒரே இடத்தில் முடிய வேண்டும். நாற்பது வாத்தியமும் சேர்ந்து நிற்க வேண்டும். நின்ற பிறகு வருகிற அந்த அமைதியை நான் மேடையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இதை மனைவியிடம் சொன்னபோது, "அவங்கவங்க ரிட்டயர் ஆனா திருப்பதி போவணும், வேளாங்கண்ணி போவணும்ன்றாங்க. உனுக்கு இன்னா ஆசை வருது பாரு" என்றாள்.

பொங்கல் முடிந்ததும் வேலையில் இறங்கினேன். ஏ குரூப்பின் முடிவையே எல்லாரும் வாசிப்பது என்று தீர்மானித்தேன். அதுதான் முதலில் வந்தது, சிறியது, யாருடைய மண்டையிலும் ஏறக்கூடியது. நான் பி குரூப்பாக இருந்தும் என் குரூப்பின் இரண்டு வரியை விட்டுக்கொடுத்தேனே, அந்தப் பெருந்தன்மையை நினைத்து எனக்கே புல்லரித்தது. மற்ற யாருக்கும் புல்லரிக்கவில்லை.

"பி குரூப்புல இருந்துக்கினு மச்சானுக்கு ஜால்ரா தட்றியா?" என்றார் எங்கள் ட்ராம்போன்காரர். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்.

சி குரூப்பிடம் போனேன். "அப்போ நாங்க வாசிக்கிறதுல பாதி வேஸ்ட்டாண்ணா?" என்று கேட்டார்கள். முழுவதுமே வேஸ்ட்தான், பாதியையாவது குறைக்கலாம் என்று பார்க்கிறேன் என்றேன். செயலாளரும் சி குரூப்தான். "இன்னாத்துக்குண்ணா பேஜாரு? அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போலாமே. ஜனங்க ரசிக்கிறாங்க இல்ல?" என்றார். ஜனங்கள் மேடை சரிந்து விழுந்தாலும்தான் ரசிப்பார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேரில் சொன்னால் ஏறாது என்று தெரிந்து வாட்ஸ்அப்புக்குப் போனேன். பேண்டு குரூப்பில் அதுவரை காலை வணக்கமும் ரோஜாப்பூவும்தான் ஓடிக்கொண்டிருந்தன. முடிவை நானே வாசித்துப் பதிவு செய்து போட்டேன். ஒவ்வொருவரும் அதேபோல் வாசித்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டேன். அனுப்பினார்கள். ஒவ்வொன்றுக்கும் குரலிலேயே பதில் போட்டேன், எல்லார் காதிலும் விழும்படியாக. "இது டிரம்பெட்டா, குக்கர் விசிலா?" என்று ஒருவரிடம். "தாளம் தப்பினா பரவாயில்ல, தாளம்னு ஒண்ணு இருக்கிறதாவது தெரியுமா?" என்று இன்னொருவரிடம். சைடு டிரம் வாசிக்கிறவர் பேரக் குழந்தை அழுகிற சத்தத்தோடு அனுப்பியிருந்தார். குழந்தை அழுவதுதான் சுருதியாக இருக்கிறது என்று பதில் போட்டேன். தேர்வாய் கண்டிகை கம்பெனியில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, சி குரூப்பில் கிளாரினெட், முதல் தடவையிலேயே சரியாக வாசித்து அனுப்பினாள். அதற்கு மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. குறை இல்லாதபோது நான் வாய் திறக்கிறவன் இல்லை.

இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அப்போது இல்லை. நான்கு மாதம் நாற்பது பேரை வறுத்தெடுத்தேன். ஷிஃப்ட் முடிந்து சாப்பிடக்கூட இல்லாமல் ஊதி அனுப்பினவர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. யாராவது ஒருவன் வாட்ஸ்அப் குரூப்பைவிட்டு வெளியேறுவான் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் போகவில்லை. அவர்களுக்கு ரோஷமே கிடையாது என்று மனைவியிடம் சொன்னேன்.

மே தினம் வந்தது. மாலை ஆகியும் வெயில் குறையவில்லை. ஷாமியானாவுக்குள் அனல். தலைவர்கள் பேசினார்கள், வழக்கம்போல முன்னால் பேசினவர் பேசினதையே பின்னால் பேசினவரும் பேசினார். பிறகு நாங்கள் போய் உட்கார்ந்தோம். நான்கைந்து சினிமாப் பாட்டு, ஒரு மாதா பாட்டு, ஒரு அம்மன் பாட்டு. டிரம்பெட்காரர்கள் சினிமாப் பாட்டில் ஓடினார்கள், அம்மன் பாட்டில் தூங்கினார்கள். எனக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. ஒவ்வொரு குரூப்பையும் திரும்பிப் பார்த்துக் கடைசி அடியை மறக்காதீர்கள் என்று சைகை காட்டினேன். செயலாளரின் பேஸ் டிரம்தான் கடைசி அடி. அது விழுந்ததும் யாரும் மூச்சுவிடக்கூடாது என்று பேச்சு.

பெரிய பாட்டு ஆரம்பித்தது. நன்றாகவே போனது. எனக்குச் சந்தேகமாகக்கூட இருந்தது, இவர்களா இப்படி வாசிக்கிறார்கள் என்று. மச்சானின் டிரம்பெட் ஒரு இடத்திலும் பிசிறவில்லை. சி குரூப் எங்களோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கடைசி வரி வந்தது. பேஸ் டிரம் விழுந்தது.

எல்லாரும் நிறுத்தினார்கள். ஏ, பி, சி, மூன்றும். ஒரே நேரத்தில், வெட்டினாற்போல.

ஒரே ஒரு கிளாரினெட் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது. எவன் அந்த முட்டாள் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. திட்டுவதற்கு வார்த்தைகூடத் தயாராகிவிட்டது. அப்புறம்தான் என் விரல்கள் அசைந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன்.

முப்பது வருஷப் பழக்கம். பி குரூப்பின் அந்த இரண்டு வரியில், முதல் வரியில் நான் பாதி தூரம் போய்விட்டிருந்தேன். நிறுத்தினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், நிறுத்தாவிட்டாலும் தெரிந்துவிடும். மூச்சு ஓடிக்கொண்டிருந்தது, வாயை எடுக்க முடியவில்லை. அந்த மேடையில், அத்தனை பேருக்கு முன்னால், என்னுடைய ஒரு கிளாரினெட் மெலிசாகப் பாடிக்கொண்டிருந்தது. ஜனங்கள் என்னையே பார்த்தார்கள். செத்துவிடலாம் போலிருந்தது.

எங்கள் ட்ராம்போன்காரர், எந்தப் பாட்டிலும் நேரத்துக்கு நுழைந்தறியாதவர், வாத்தியத்தை வாயில் வைத்து அந்த வரியின் நடுவில் என்னோடு சேர்ந்துகொண்டார். அடுத்த மூச்சில் பி குரூப் மொத்தமும் வந்துவிட்டது. சி குரூப்பில் அந்தப் பெண் முதலில் எடுத்தாள், அவளைப் பார்த்துவிட்டு மற்றவர்கள், பாட்டை முதலிலிருந்து. எங்களுடைய இரண்டு வரி ஏ குரூப்புக்குத் தெரியாது. மச்சான் எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த முடிவையே இன்னொரு தடவை, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி ஊதினான். என் சத்தம் அதற்குள் எங்கேயோ புதைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு கேவலமான கலாட்டா நடந்ததே இல்லை. ஜனங்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள்.

அவர்கள் மறந்துபோய் வாசிக்கவில்லை. நான்கு மாதம் கற்றதைச் சரியாகச் செய்து முடித்து, நிறுத்தியும் விட்டார்கள். அதற்குப் பிறகு எனக்காக அதைக் கெடுத்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேர்வையைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

வாத்தியங்களைப் பெட்டியில் வைக்கும்போது யாராவது என்னைக் கிண்டலடிக்க ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தேன். அவர்கள் சொல்ல வேண்டியதையெல்லாம் நானே மனதில் அடுக்கி வைத்திருந்தேன். செயலாளர் டிரம்மைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். ட்ராம்போன்காரர் எச்சிலை வடித்துக்கொண்டிருந்தார். மச்சான் வந்து, "வா மாமா, பிரியாணி ஆறிடும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தான். மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக வாட்ஸ்அப்பைத் திறந்தேன். காலை வணக்கம், ரோஜாப்பூ, பந்தியில் எடுத்த இரண்டு படம். அன்றைக்கு மட்டும் மச்சான் சண்டைக்கு வரவில்லை. ஜூன் பிறந்துவிட்டது, இன்றுவரை ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால், அடுத்த மே தினம் வரைக்கும் நான் அவனை நிம்மதியாகச் சாப்பிட விட்டிருக்க மாட்டேன்.